துறைசார் ஆய்வேட்டுக் களஞ்சியமும் மெய்நிகர் கணினியும்: டிஸ்பேஸ் நிறுவலை முன்வைத்து

தமிழ் ஆய்வேடுகளையும் ஆய்விதழ்களையும் துறையே தன் பொறுப்பில் இணையவழி வழங்க உதவும் மென்பொருள்களுள் டிஸ்பேஸ் குறிப்பிடத்தக்கது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக நூலகமும் எச்பி ஆய்வுக்கூடமும் இணைந்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட இத்திறமூல மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. இதனை நிறுவுமுன் துறையினர் தெளிவுபெற வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

ஒரே கணினியைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் தனி இயங்குதளத்தை இயக்க இயலும். இத்தகைய ஒன்றைப் பல்கலைக்கழகக் கணினி மையத்திடமிருந்தோ, மேகக்கணிமை நிறுவனத்திடம் வாடகைக்கோ பெறலாம். அமேசானின் தரவு மையங்கள் சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டிலும் மலேசியாவில் 2024ஆம் ஆண்டிலும் செயல்படத் தொடங்கியமையால், தரவை நாட்டுக்குள்ளேயே வைத்திருக்கவும் வழியுண்டு.

டிஸ்பேஸ் பல உறுப்புகளின் கூட்டமைப்பாகும். ஜாவா மொழியில் அமைந்த மைய நிரல், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், சோலர் தேடுபொறி ஆகியவற்றோடு, 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஏழாம் பதிப்பு முதல் பயனர் இடைமுகமும் தனி நிரலாக இயங்குகின்றது. தலைப்பு, ஆசிரியர் முதலிய விவரங்கள் தரவுத்தளத்திலும், ஆய்வேட்டுக் கோப்புகள் தனிக் கோப்புறையிலும் சேமிக்கப்படுகின்றன. கோப்புறையில் உள்ள பெயர்கள் வெறும் எண்வரிசைகளே. எனவே, தரவுத்தளம் அழிந்தால் எக்கோப்பு எவருடைய ஆய்வேடு என்பதை எளிதில் அறிய இயலாது. இரண்டையும் ஒருங்கே படியெடுத்து, அப்படியை வேறோர் இடத்தில் பாதுகாத்தல் இன்றியமையாதது.

தமிழ்த் துறையினர் தாமே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, எழுத்துக் குறியேற்றம். திஸ்கி முதலிய பழைய குறியேற்றங்களில் தட்டச்சான தலைப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே பதிவேற்ற வேண்டும். இன்றேல் தேடலில் அவை அகப்படா. இரண்டாவது, நிலையான அடையாள எண். டிஸ்பேஸ் ஒவ்வோர் ஆவணத்திற்கும் ‘ஹேண்டில்’ எண் வழங்குகின்றது. துறைக்கென முன்னெண் பதிவுசெய்யாவிடில் 123456789 என்னும் மாதிரி முன்னெண்ணே நிலைத்துவிடும். அவ்வெண் உலகளாவிய ஹேண்டில் அமைப்பின்வழி ஆவணத்தைச் சென்றடையாது. பின்னர்க் களஞ்சியத்தின் இணைய முகவரி மாறுமாயின், பிறர் தம் கட்டுரைகளில் தந்த மேற்கோள் இணைப்புகள் அறுபடும்.

ஆகவே, களஞ்சியத்தைப் பொதுப் பயன்பாட்டிற்குத் திறக்குமுன் ஒரு சோதனை தேவை. எடுத்த படிகளை மட்டும் கொண்டு புதியதொரு மெய்நிகர் கணினியில் களஞ்சியத்தை மீட்டமைக்க வேண்டும். பின்னர், ஒரு தமிழ்த் தலைப்பைத் தேடி, அதன் ஆய்வேட்டைத் திறந்து பார்த்தல் வேண்டும். அது திறக்குமாயின், மாணவர்தம் ஆய்வேடுகளைக் களஞ்சியத்தில் ஒப்படைக்கலாம்.