உடு இணைப்பும் முக்கோண இணைப்பும்

மூவவத்தை மின்வழங்கலில் சுருள்களை இணைக்கும் முறை வெறும் வரைபடச் சங்கதியன்று. எமது வீதியோர நிலைமாற்றிகளில் 33,000 அல்லது 11,000 வோற்றைப் பெறும் முதற்சுருள்கள் முக்கோணமாகவும், வீடுகளுக்கு வழங்கும் துணைச்சுருள்கள் உடுவாகவும் இணைக்கப்படுவதே வழக்கம். முக்கோணத்தில் நொதுமற் புள்ளி இல்லை. உடுவின் மையமே அதனைத் தருகின்றது. அப்புள்ளிக்கும் ஓர் அவத்தைக்கும் இடையே 230 வோற்று. இரு அவத்தைகளுக்கிடையே, அதனை மூன்றின் வர்க்கமூலத்தாற் பெருக்க, ஏறத்தாழ 400.

சுமைகள் சமனாயின் நொதுமற் கம்பியில் ஓட்டமில்லை என்று பாடநூல்கள் கூறும். வீட்டுச் சுமைகளோ ஒருபோதும் சமனாவதில்லை. ஆதலின் அக்கம்பியை நாம் அற்பமாகக் கொள்ளலாகாது. அது அறுந்தால் சுமை மிகுந்த அவத்தையில் குமிழ் மங்கும். சுமை குறைந்த அவத்தையிலோ அழுத்தம் 400 வோற்றை நோக்கி ஏறி உபகரணங்கள் எரியும். நொதுமலில் உருகி இடாமை இதனாலேயே.