புதுத் துப்பாக்கியில் ஏன் இந்த வெள்ளிக் கோடு? - மேல்பூச்சு சொல்லும் சேதி

வாங்கி மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. அதற்குள் ஓரங்களில் கறுப்பு போய், உள்ளிருக்கும் உலோகம் பளிச்சென்று எட்டிப் பார்க்கும். நம் வீட்டில் நான்ஸ்டிக் தவாவுக்கும் கவரிங் செயினுக்கும் வரும் இந்தப் பிரச்னை, அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கும் வருகிறது. அங்கே பல மாநிலங்களில் பொதுமக்கள் சட்டப்படி துப்பாக்கி வாங்கலாம். இத்தனை விலை கொடுத்து வாங்கியது இப்படித் தேய்கிறதே, ஏமாந்துவிட்டோமோ என்பதுதான் புதிதாக வாங்கியவர்களின் முதல் கவலை.

தவாவில் பூச்சு போனால் தோசை ஒட்டும், அவ்வளவுதான். துப்பாக்கியில் பூச்சு போனால் விஷயம் வேறு. இடுப்பில் அதைச் செருகிக்கொண்டு பணிக்குப் போகும் காவலரின் உயிர் அதை நம்பி இருக்கிறது. ஆனால், எல்லாத் தேய்மானமும் ஆபத்தல்ல. எது வெறும் அழகுக் குறை, எது உண்மையான கோளாறு என்று தெரிந்துகொள்ள, அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கறுப்பு என்பது பெயின்ட் அல்ல

பழைய துப்பாக்கிகளில் தெரியும் அந்த நீலம் கலந்த கறுப்பு, உண்மையில் ஒருவகைத் துரு. நாம் பார்த்துப் பழகிய செந்துரு உதிரும், இரும்பை உள்ளே உள்ளே அரித்துக்கொண்டே போகும். ஆனால், இரும்பு ஆக்ஸைடில் கறுப்பு ரகம் ஒன்று உண்டு. மேக்னடைட் என்று பெயர். இது இரும்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும், எளிதில் உதிராது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலைச் சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கவைத்து, அதில் எஃகுப் பாகங்களை முக்கி எடுத்து இந்தக் கறுப்பை உண்டாக்குகிறார்கள். இதற்கு 'புளூயிங்' என்று பெயர்.

இந்தப் படலத்தின் கனம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் கனம் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். ஒரு முடியின் கனத்தில் பல பத்துப் பங்குகளில் ஒன்று என்றால், அது எத்தனை மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் இந்தப் படலம் மட்டும் துருவைத் தடுத்துவிடாது. அதன் நுண்துளைகளில் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் பெரிய வேலை. எண்ணெய் காய்ந்துவிட்டால் காவலும் போயிற்று.

பாதுகாக்கும் உறையே தேய்க்கிறது

பூச்சைத் தேய்ப்பதில் முதல் ஆள், துப்பாக்கியைப் பாதுகாக்க என்று வாங்கும் உறைதான். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் செருகும்போதும் குழல் முனையும் மேல்பாகத்தின் விளிம்புகளும் உறையோடு உரசுகின்றன. பயிற்சியில் இருப்பவர் ஒரே நாளில் நூறு முறைகூட எடுத்துச் செருகுவார். தட்டையான பக்கங்களில் அழுத்தம் பரவிவிடும். கூரான விளிம்பில் எல்லா அழுத்தமும் ஒரே கோட்டில் விழும். வெள்ளிக் கோடு எப்போதும் விளிம்பில் முதலில் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

தோல் உறைக்குப் பதில் வழவழப்பான பிளாஸ்டிக் உறை போட்டால் தேயாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், உறைக்குள் நுழையும் தூசும் மணலும் அங்கேயே தங்கி, உப்புத்தாள் போலத் தேய்க்கும். செல்போனுக்குக் கவர் போட்டும் ஓரங்களில் கீறல் விழுகிறதே, அதே கதைதான்.

தோல் உறைக்கு வேறொரு சிக்கல். தோலைப் பதனிடும்போது சேரும் உப்புகளும் ரசாயனங்களும் அதில் மிச்சமிருக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் தோல் இழுத்து வைத்துக்கொள்ளும். துப்பாக்கியை மாதக்கணக்கில் தோல் உறைக்குள்ளேயே வைத்துவிட்டால், யாரும் தொடாமலே பூச்சு கெட்டுத் துரு ஏறும். தூக்கிக்கொண்டு போக உறை, வைத்துவிடுவதற்கு அல்ல என்பது பழகியவர்களின் பாடம்.

மூன்றாவது காரணம் வியர்வை. வியர்வையில் இருக்கும் உப்பு இரும்புக்குப் பகை. சிலருடைய கைபட்ட எஃகு ஓரிரு நாளிலேயே துருப்பிடிக்கும்.

உள்ளே தெரியும் பளபளப்பு

வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் தேயும். இன்றைய பெரும்பாலான பிஸ்டல்களில் சுடும்போது குழலின் பின்பக்கம் சற்றே கீழே சாயும். ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் வகுத்த வழி அது. அவருடைய பிஸ்டலைத்தான் அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்றது. குழல் சாய்ந்து நிமிரும்போது, அது 'ஸ்லைடு' எனப்படும் மேல்பாகத்தோடு உரசுகிறது. முதல் சில நூறு குண்டுகளுக்குள் அந்த இடங்களில் கறுப்பு போய்ப் பளபளப்பு வந்துவிடும்.

இது கோளாறு அல்ல. இரண்டு பாகங்களும் ஒன்றோடொன்று பழகிக்கொள்கின்றன. புதுச் செருப்பு காலுக்குப் படிவது போலத்தான்.

நூறு வருடத் தேடல்

மேல்பூச்சு தேய்வது ராணுவங்களுக்கும் பெரிய தலைவலியாகத்தான் இருந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க வீரர்கள் வைத்திருந்த 1911 பிஸ்டல்களுக்கு புளூயிங் பூச்சு. இரண்டாம் உலகப் போரில் அதே ரகப் பிஸ்டல்கள் மங்கலான சாம்பல் நிறத்துக்கு மாறின. அது பாஸ்பேட் பூச்சு. பார்க்க அழகில்லை, சொரசொரப்பாக இருக்கும். ஆனால், அந்தச் சொரசொரப்புதான் எண்ணெயை அதிகமாகப் பிடித்து வைத்தது. வெயிலில் மின்னி எதிரிக்குக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

1965-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே ரிவால்வர் செய்தது. பூச்சு இருந்தால்தானே தேயும் என்பது அந்த வழி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 10.5 சதவிகிதத்துக்குக் குறையாமல் குரோமியம் இருக்கும். கீறல் விழுந்தாலும் குரோமியம் காற்றோடு சேர்ந்து புது மேல்தோலை உடனே உண்டாக்கிக்கொள்ளும். அப்படியும் உப்பு வியர்வையில் ஊறவிட்டால் அதுவும் துருப்பிடிக்கும்.

ஆஸ்திரிய ராணுவம் 1982-இல் தேர்ந்தெடுத்த குளாக் பிஸ்டலில் இன்னொரு வழி வந்தது. நைட்ரஜனையும் கார்பனையும் அதிக வெப்பத்தில் எஃகின் மேற்பரப்புக்குள்ளேயே செலுத்தினார்கள். இது மேலே பூசுவது அல்ல, எஃகின் தோலையே கடினமாக்குவது. அதற்கும் மேலே கறுப்பாக ஒரு படலம் இருக்கும். அந்தக் கறுப்பு தேய்ந்து வெள்ளை தெரிந்தாலும், கீழே இருக்கும் கடினமான அடுக்கு அப்படியே இருக்கும்.

நிறம் வேறு, காப்பு வேறு என்பது இங்கேதான் புரிகிறது. புளூயிங் செய்த துப்பாக்கியில் கறுப்பு போனால் காப்பும் சேர்ந்து போகிறது. நைட்ரஜன் ஏற்றிய எஃகில் நிறம் மட்டும் போகும், காப்பு மிஞ்சும். அலுமினியச் சட்டம் உள்ள பிஸ்டல்களில் செந்துரு வரவே வராது. ஆனால், மேலிருக்கும் கடினமான ஆக்ஸைடு அடுக்கு தேய்ந்தால், உள்ளே இருக்கும் மென்மையான அலுமினியம் வேகமாகத் தேயும். தேய்மானத்தைப் பார்த்துப் பதறுவதற்கு முன், எந்த உலோகம், எந்தப் பூச்சு என்று கேட்பதுதான் சரி.

கண்ணுக்குத் தெரியாத இடமே ஆபத்து

வெளியே தெரியும் கோட்டைவிட, உள்ளே இல்லாமல்போன பூச்சு எத்தனை கொடியது என்பதற்கு வியட்நாம் போர் சாட்சி. அது கைத்துப்பாக்கி அல்ல, எம்-16 ரைஃபிள். 1960-களின் நடுவில் அமெரிக்கா அதை வியட்நாமுக்கு அனுப்பியபோது, தோட்டா அமரும் அறைக்குள் குரோமியப் பூச்சு கிடையாது. சோவியத் யூனியனின் ஏ.கே-47-இல் அந்தப் பூச்சு இருந்தது.

மழையும் சேறும் புழுக்கமும் நிறைந்த காட்டில், தோட்டா அறைக்குள் துரு ஏறிக் குழி விழுந்தது. சுடும்போது விரியும் பித்தளைக் கூடு அந்தக் குழிகளில் கவ்விக்கொண்டு வெளியே வர மறுத்தது. எதிரி எதிரே நிற்க, வீரர்கள் குழலின் முன்பக்கம் வழியாகக் கம்பியை விட்டுக் குத்தி அதைத் தள்ள வேண்டியிருந்தது. துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டிருந்த நிலையிலேயே பலர் இறந்தார்கள்.

பூச்சு மட்டுமே காரணம் அல்ல. தோட்டாவின் மருந்தை மாற்றியிருந்தார்கள், அது அதிகக் கசடு விட்டது. சுத்தம் செய்யும் கருவிகளும் போதுமான அளவு தரப்படவில்லை. ரிச்சர்ட் இச்சோர்ட் தலைமையிலான அமெரிக்க நாடாளுமன்றக் குழு 1967-இல் இதை விசாரித்தது. அதன் பிறகு தோட்டா அறைக்குக் குரோமியம் பூசப்பட்டது, சுத்தம் செய்யும் பயிற்சியும் கூடியது. வீரர்களின் புகார்களும் குறைந்தன.

தேய்மானமா, தயாரிப்புக் குறையா?

புதுத் துப்பாக்கியில் பூச்சு போகும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு.

தேய்மானம் என்றால், எதனோடாவது உரசும் இடத்தில் மட்டும்தான் இருக்கும். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக மங்கி வெள்ளையாகும், ஓரம் வழவழப்பாக இருக்கும். இதற்குக் கவலை வேண்டாம்.

எதுவும் தொடாத இடத்தில் பூச்சு செதிலாக உரிகிறதா, கொப்புளம் போல எழும்புகிறதா, உலர்ந்த இடத்தில் வைத்தும் சில நாளில் துருப்புள்ளிகள் வருகின்றனவா? அப்படியானால் பூசுவதற்கு முன் எண்ணெயும் அழுக்கும் சரியாகக் கழுவப்படவில்லை என்று சந்தேகிக்கலாம். நிக்கல் போன்ற முலாம் உரிந்தால் ஈரம் அதன் அடியில் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமலே அரிக்கும். இது தயாரித்தவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய குறை.

கறுப்பு மெல்ல ஊதா நிறத்துக்கு மாறுவதும் உண்டு. எஃகில் கலந்திருக்கும் பிற உலோகங்களோ, கரைசலின் வெப்பநிலையோ அதற்குக் காரணமாக இருக்கலாம். பார்வைக்கு ஒரு மாதிரி இருக்குமே தவிர, வேலைக்குக் கெடுதல் இல்லை.

செய்யக் கூடாதவை

பித்தளை விளக்கைத் தேய்க்கும் நினைப்பில் எலுமிச்சை, புளி, வினிகர் என்று எதையும் இதில் போடக் கூடாது. வினிகர் பட்டால் புளூயிங் சில நிமிடங்களில் கரைந்துபோகும். உப்புத்தாள் போட்டால் இருக்கும் காப்பும் போகும். கையாண்ட பிறகு மென்மையான துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டு, உறைக்கு வெளியே உலர்ந்த இடத்தில் பூட்டி வைப்பதுதான் வைத்தியம்.

இந்தியாவில் இதில் சட்டமும் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்க மட்டுமல்ல, அதைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். துப்பாக்கியில் பொறித்திருக்கும் அடையாள எண்ணை அழிப்பது குற்றம். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்து எண்ணையும் தேய்த்துவிட்டால், துரு போய் வழக்கு வந்து சேரும்.

பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மறுபூச்சு போட்டுப் புதிதாக்கிய பழைய பிஸ்டலைவிட, ஓரமெல்லாம் தேய்ந்து தன் சொந்தப் பூச்சோடு இருக்கும் பிஸ்டலுக்குத்தான் அவர்கள் அதிக விலை தருவார்கள். அந்தத் தேய்மானத்தில் அது எப்படிப் பயன்பட்டது என்ற வரலாறு இருக்கிறது. உறையிலிருந்து தினமும் எடுத்துத் துடைத்து வைக்கும் துப்பாக்கியின் ஓரம் வெளுத்துத்தான் இருக்கும். தொடாமலே பீரோவில் கிடக்கும் துப்பாக்கி வெளியே கறுப்பாகப் பளபளக்கலாம். அதன் குழலுக்குள் துரு ஏறியிருக்கிறதா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும்.