எண்ணூர் சாலைக்கு ஒரு மலை சைக்கிள்

வடசென்னையில் மலை கிடையாது. ராயபுரத்துக்காரர் ஒரு ஏற்றத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எர்ணாவூர் மேம்பாலத்துக்குப் போக வேண்டும். நிஜமான மலைதான் வேண்டுமென்றால் ஊரின் மறுகோடியில் பரங்கிமலை இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் மவுண்டன் பைக் எதற்கு? அதிலும் முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், மோட்டார், பாட்டரி என்று நாமே பூட்டிச் செய்வது எதற்கு? சித்திரை மாதத்துச் சாயங்காலத்தில் எண்ணூரிலிருந்து காசிமேடு நோக்கி சைக்கிள் மிதித்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

இங்கே மலை என்பது காற்று. கோடையில் பிற்பகலானால் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். தெற்கே போகிறவருக்கு முகத்தில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து வந்து வடக்கே போகிறவரைப் பின்னுக்குத் தள்ளும். கடலோரச் சாலை வடக்கு தெற்காகவே ஓடுவதால் ஒதுங்க வழியில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து 25 கி.மீ. வேகத்தில் போகிற ஒருவருக்குக் காற்றைக் கிழிக்க மட்டும் ஏறக்குறைய 120 வாட் வேண்டும். எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால், அது அவர்மேல் மோதும் வேகம் 45 கி.மீ. ஆகிவிடும். காற்றின் தடை அந்த வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆகவே அதே 25 கி.மீ. வேகத்தில் போக இப்போது 390 வாட் தேவை, மூன்று மடங்குக்கும் மேல். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 110 கிலோ என்று வைத்துக்கொண்டால், நூறு மீட்டருக்கு மூன்றரை மீட்டர் உயரும் சரிவில் ஏறுவதற்குச் சமம் இது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இடைவிடாத ஏற்றம்!

பழக்கப்பட்ட மனிதர் ஒருவர் மூச்சு வாங்காமல் தொடர்ந்து தரக்கூடியது நூறு வாட் அளவுதான். அந்தக் காற்றில் அவர் மணிக்குப் பத்து கி.மீ. போவார். அதோடு 250 வாட் மோட்டார் சேர்ந்தால் இருபத்தொன்று வரை போகலாம். வேலைக்குப் போய்ச் சேரும்போது சட்டை நனைந்திருக்குமா இல்லையா என்பதை இந்த வித்தியாசம்தான் முடிவு செய்கிறது.

மோட்டார் பூட்டும் ஆசை இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் புகுந்து வரும் மீன்பாடி வண்டியை அறியாதவர் சென்னையில் இல்லை. முன்னால் சரக்குப் பெட்டி, பின்னால் ஆள். மிதித்து ஓட்டிய மூன்று சக்கர வண்டியில் பழைய மொபெட் எஞ்சினையோ ஸ்கூட்டர் எஞ்சினையோ பொருத்தி, எந்தப் பொறியியல் கல்லூரியின் தயவும் இல்லாமல் பட்டறைக்காரர்கள் உண்டாக்கிய வாகனம் அது. அதன் குறையும் எல்லோருக்கும் தெரியும்: எஞ்சின் வந்தது, வேகம் வந்தது, சட்டமும் பிரேக்கும் மிதிவண்டிக் காலத்திலேயே நின்றுவிட்டன. சைக்கிளில் மோட்டார் வைக்கப்போகிறவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இந்த வண்டிதான்.

மலை சைக்கிளும் இப்படித்தான் பிறந்தது. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள், பருத்த டயர் போட்ட பழைய ஷ்வின் சைக்கிள்களை வாங்கி, தேவையில்லாததைக் கழற்றி எறிந்து, மோட்டார் சைக்கிள் பிரேக் பிடிகளை மாட்டி மலைச்சரிவில் இறங்கினார்கள். 1976-ல் அவர்கள் தொடங்கிய பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. ஒருதடவை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கில் கிரீஸ் எல்லாம் புகைந்து போய்விடுமாம். புதிதாக அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். 1977-ல் ஜோ பிரீஸ் அதற்கென்றே தனிச் சட்டம் செய்தார். முன்போர்க்கில் ஷாக் அப்சார்பர் பரவலாகக் கிடைத்தது 1989-ல் ராக்‌ஷாக்ஸ் வந்த பிறகுதான்.

ஆனால் பின்சக்கரத்துக்கு ஷாக் வைக்கும் வித்தையைத் திருவொற்றியூர் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கையில் வைத்திருந்தது. ராயல் என்ஃபீல்டு புல்லட் 1940-களின் கடைசியில் இங்கிலாந்தில் வெளிவந்தபோது அதன் பெருமையே பின்பக்கம்தான். அன்றைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகியிருக்கும். சீட்டுக்கடியில் இருக்கும் ஸ்பிரிங்தான் ஓட்டுகிறவரின் இடுப்புக்குக் காவல். புல்லட்டில் பின்சக்கரம் ஊஞ்சல்போல ஆடும் ஒரு கவையில் தொங்கியது; அதைத் தாங்க எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூர் ஆலையில் வண்டி பூட்டத் தொடங்கினார்கள். நம் மெக்கானிக்குகள் 'ஸ்விங் ஆர்ம்' என்று சொல்வது அந்தக் கவையைத்தான். இன்றைய ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளின் பின்பாகம் அதன் பேரன்.

அந்த 'எண்ணெய்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. சைக்கிள் கடைக்குப் போனால் 'டபுள் ஷாக்' என்று சொல்லிப் பளபளப்பான வண்டி ஒன்றைக் காட்டுவார்கள். சீட்டைக் கையால் நன்றாக அழுத்திச் சட்டென்று விடுங்கள். இரண்டு மூன்று முறை துள்ளினால் அதில் இருப்பது வெறும் ஸ்பிரிங். ஒருமுறை எழுந்து அப்படியே நின்றால் உள்ளே எண்ணெய்த் தணிப்பான் இருக்கிறது. ஸ்பிரிங் குழியின் அடியை வாங்கி வைத்துக்கொள்ளும். அடுத்த நொடியே திருப்பிக் கொடுத்துவிடும். தணிப்பானுக்குள் பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகத் தள்ளும்போது அந்த ஆற்றல் சூடாகிக் கரைந்துவிடும். கன்டெய்னர் லாரிகள் உழுது போட்ட சாலையில் குழிகள் தனித்தனியாக வருவதில்லை, வரிசையாக வரும். தணிப்பான் இல்லாத வண்டி முதல் குழியின் துள்ளலை முடிப்பதற்குள் இரண்டாவதில் இறங்கி, மூன்றாவதில் ஆளைத் தூக்கி எறியும். அதைவிட ஷாக்கே இல்லாத ஹெர்குலிஸ் எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

சரி, மோட்டாரை எங்கே வைப்பது? மலிவும் சுலபமும் பின்சக்கரத்தின் நடுவே உட்காரும் ஹப் மோட்டார். சாதாரண சைக்கிளுக்கு அது போதும். ஷாக் வைத்த சைக்கிளுக்கு அதுவே எதிரி. குழியில் இறங்கும் சக்கரத்தைத் தரையோடு ஒட்ட வைப்பது ஸ்பிரிங்கின் வேலை. சக்கரம் இலேசாக இருந்தால் ஸ்பிரிங் சொன்னபடி சட்டென்று இறங்கும், ஏறும். அதில் மூன்று கிலோ, பெரிய ரகமென்றால் ஆறேழு கிலோ மோட்டாரைக் கட்டினால், ஸ்பிரிங் தள்ளியும் அது இறங்கத் தாமதிக்கும். மேட்டில் மோதினால் மேலே போன வேகத்தில் தரையை விட்டுப் பறக்கும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு பிரேக் பிடித்துப் பயனில்லை. ரிம் நெளிவதும் போக்ஸ் கம்பி அறுவதும் தனிக்கதை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஹப் மோட்டாரில் அச்சு சுற்றாது, சக்கரம்தான் சுற்றும். அதாவது சக்கரத்தை முன்னே தள்ளும் அதே திருகுவிசை அச்சைப் பின்னே திருக முயலும். அச்சை நிறுத்தி வைப்பது சட்டத்தின் நுனியிலுள்ள பிளவு. அது மெல்லிய அலுமினியமாக இருந்தால் ஒருநாள் வாய் பிளக்கும். அச்சு சுழன்று, அதன் துளை வழியே வரும் மோட்டார் வயர்களை முறுக்கி அறுத்துவிடும். அச்சைக் கவ்விப் பிடித்து சட்டத்தோடு கட்டும் எஃகுப் பட்டை, 'டார்க் ஆர்ம்' என்பார்கள், இல்லாமல் ஹப் மோட்டாரை ஓட்டவே கூடாது. லேத்துப் பட்டறையில் அரை நாள் வேலை.

ஃபுல் சஸ்பென்ஷனுக்குப் பொருந்துவது பெடல் அச்சில் உட்காரும் நடு மோட்டார். நாலு கிலோவுக்கு அருகில் இருந்தாலும் எடை சட்டத்தின் மேல், ஷாக்குக்கு மேலே இருக்கிறது. சக்கரம் இலேசாகவே இருக்கும். கியர் வழியாக இழுப்பதால் எதிர்காற்றில் சிறிய கியருக்கு மாறி மோட்டாரைத் திணறாமல் ஓட்டலாம். இதற்குக் கூலி செயின் கொடுக்கும்: கால் பலமும் மோட்டார் பலமும் சேர்ந்து அதன்மேல் விழுவதால், வழக்கமான செயின் உழைக்கும் காலம் இதில் உழைக்காது.

சட்டத்தைப் பொறுத்தவரை, தயவுசெய்து பின்கவையை வெட்டி வெல்டிங் வைத்துச் சொந்தமாகச் செய்யாதீர்கள். செயின் இழுக்கும் கோட்டுக்கும் கவையின் கீலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அது தப்பினால் ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் அமுங்கி எழும். உங்கள் உழைப்பில் ஒரு பங்கு ஷாக்கைச் சூடாக்கவே போகும். அதைவிட முக்கியம், சைக்கிள் சட்டத்துக்கான அலுமினியம் வெப்பப் பதம் கொடுத்து வலுவேற்றப்பட்டது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பார்க்க உறுதியாக இருக்கும், குழியில் முறியும். நல்ல நிறுவனத்தின் பழைய சட்டம் ஒன்றை வாங்கி, மற்றதை அதில் பூட்டுவதே புத்திசாலித்தனம்.

கடல் உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுமினியச் சட்டத்தில் எஃகு போல்ட்டை முறுக்கினால், இடையில் உப்பு ஈரம் புகுந்ததும் அந்த மூலையே ஒரு சிறு பாட்டரி ஆகிவிடும். தியாகம் செய்வது அலுமினியம். ஆறு மாதம் கழித்து போல்ட் கழலாது, உடையும். ஒவ்வொரு மரைக்கும் கிரீஸ் வையுங்கள். வயர் இணைப்புகளுக்கும் அப்படியே.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 0.25 கிலோவாட்டுக்குக் குறைவான மோட்டார் வைத்து, 25 கி.மீ. வேகத்தை எட்டும்போதோ மிதிப்பதை நிறுத்தும்போதோ மோட்டார் தானாக அணைந்துவிடும் சைக்கிள், அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் சான்றளித்தால், மோட்டார் வாகனம் ஆகாது. பதிவு எண் வேண்டாம். அதற்கு மேல் போனால் அது சைக்கிள் அல்ல, பதிவில்லாத மோட்டார் சைக்கிள். 750 வாட் மோட்டாரை வாங்கி மாட்டி 'ஸ்டிக்கர் 250 தான் சார்' என்று சிக்னலில் விளக்குவது அவரவர் சாமர்த்தியம்.

பாட்டரிக்குப் பெரிய கணக்கு வேண்டாம். பதினெட்டு மி.மீ. தடிமன், அறுபத்தைந்து மி.மீ. நீளமுள்ள லித்தியம் செல்கள். பத்து செல் வரிசையாக, அப்படி நாலு அடுக்கு. மொத்தம் நாற்பது செல், 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி, 360 வாட் மணி. செல்களின் எடை இரண்டு கிலோதான். அந்த எதிர்காற்றிலேயே ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு ஒருவழி போக 180 வாட் மணி செலவாகும். திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். ஒரே சிக்கல், பாட்டரி வழக்கமாக உட்காரும் முக்கோணத்தில் பின்ஷாக் உட்கார்ந்திருக்கும். அதற்காகப் பின் கேரியரில் தொங்கவிடாதீர்கள். குழிக்குக் குழி செல் இணைப்புகள் ஆடும். மிச்சமிருக்கும் இடத்துக்கு அளவெடுத்து, சட்டத்தோடு இறுகக் கட்ட வேண்டும். பழைய லேப்டாப்பிலிருந்து பிடுங்கிய செல்களைச் சேர்த்துக் கட்டுவதும் வேண்டாம். ஒன்று மூப்படைந்தது, ஒன்று இளையது என்றிருந்தால் சார்ஜ் ஏறும்போது மூத்தது முதலில் நிரம்பி, 4.2 வோல்ட்டைத் தாண்டிச் சூடாகும். இணையாகக் கட்டிய ஒவ்வொரு செல் தொகுதியையும் தனித்தனியே கண்காணிக்கும் பி.எம்.எஸ். அட்டை இல்லாத பாட்டரியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். நம் பக்கத்து வீடுகள் பலவற்றுக்கு ஒரே வாசல். வண்டியை நிறுத்துவதும் அங்கேதான், பிளக் இருப்பதும் அங்கேதான். பாட்டரியைக் கழற்றி எடுக்கும்படி கட்டுங்கள். மாடியிலோ திறந்த இடத்திலோ, வீட்டில் எல்லோரும் விழித்திருக்கும்போது சார்ஜ் போடுங்கள். வாசலில் மட்டும் வேண்டாம்.