பேட்ஜ் போன பிறகு ஃப்ராங்கல் கட்டிய கம்ப்யூட்டர்

இந்த வார எபிசோடில் லாஸ் அலமோஸ் பற்றிப் பேசினப்போ ஸ்டான்லி ஃப்ராங்கல்னு ஒரு பேர் வந்து போச்சு. அவருக்கு அது போதாதுன்னுதான் இந்தக் கடிதம்.

ஃப்ராங்கல் ஒரு இயற்பியலாளர். அணுகுண்டுத் திட்டத்தின் கணக்குப் பிரிவை எல்ட்ரெட் நெல்சனோடு சேர்ந்து அமைத்தவர். அப்போ கம்ப்யூட்டர் என்றால் மேஜைக் கால்குலேட்டரில் தட்டும் மனிதர்கள். 1944-ல் ஐபிஎம் பஞ்ச் கார்டு இயந்திரங்கள் வந்ததும் இவருக்குப் பித்துப் பிடிச்சிடுச்சு. குண்டுக் கணக்கு காத்துக் கிடக்க, இயந்திரத்தில் ஆர்க்-டேன்ஜென்ட் அட்டவணை அச்சடித்தார். அந்த அட்டவணை ஏற்கெனவே கையில் இருந்தது! ஃபெய்ன்மன் இதை 'கம்ப்யூட்டர் நோய்' என்று கிண்டலடித்தார். பொறுப்பும் ஃபெய்ன்மனிடம் போனது. (டெட்லைன் அன்று எடிட்டர் தீம் மாற்றுகிறவர்கள் கை தூக்கவும்.)

நோய் வீண் போகல. எனியாக்கில் ஓடிய முதல் பெரிய கணக்கு ஹைட்ரஜன் குண்டுக்கானது. 1945 இறுதியில் அதை ஓட்டியது ஃப்ராங்கலும் நிக்கோலஸ் மெட்ரோபோலிஸும்.

1949-ல் அவருடைய செக்யூரிட்டி கிளியரன்ஸ் பறிபோனது. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் பயம் தலைவிரித்தாடிய நேரம். கான்ட்ராக்டில் பிழைக்கிற நமக்கு இது புரியும்: பேட்ஜ் பச்சை காட்டலேன்னா திறமைக்கு வாசலில் மதிப்பே இல்லை.

கால்டெக்கில் இருந்தபடி அவர் யோசித்தது ஒரு சின்ன மெஷின். 1956-ல் அது எல்ஜிபி-30 என்ற பேரில் விற்பனைக்கு வந்தது; விலை 47,000 டாலர். எனியாக்கில் சுமார் 18,000 வால்வுகள், இதில் வெறும் 113. எப்படி? சுழலும் காந்த உருளை ஒன்றில் 4,096 சொற்கள்; ரெஜிஸ்டர்களைக்கூட அந்த உருளையிலேயே வைத்துவிட்டார். கணக்கு ஒவ்வொரு பிட்டாக நடக்கும். வேகம் போச்சு. அடுத்த கட்டளை உருளையில் எங்கே இருக்கணும்னு புரோகிராமர் மண்டையைப் பிய்ச்சுக்கணும். ஆனால் சாதாரண பிளக் பாயிண்ட்டில் ஓடும், ஏசி ரூம் வேண்டாம், ஒரே ஆள் உட்கார்ந்து இயக்கலாம். என் பார்வையில் எனியாக்கைவிட இதுதான் நம்ம லேப்டாப்புக்கு நெருங்கின சொந்தம்.

எம்ஐடியில் எட்வர்ட் லாரன்ஸின் அலுவலகத்தில் அப்படி ஒன்று இருந்தது. 1961-ல் வானிலை மாதிரி ஒன்றைப் பாதியிலிருந்து மறுபடி ஓட்ட, 0.506127-க்குப் பதில் பிரிண்ட்டில் இருந்த 0.506-ஐத் தட்டிவிட்டு காபிக்குப் போனார். திரும்பி வந்தப்போ வானிலை வேறெங்கோ போயிருந்தது. கேயாஸ் கோட்பாட்டுக்கு வழி திறந்தது அந்தப் பிரிண்ட்அவுட்.