மரத்துக்கு ஒரு கீல்

மாடிவீட்டு அக்கா செல்போனை என் பக்கம் திருப்பினார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு காடு. ஆரஞ்சு நிறத் தலைக்கவசம் போட்ட பெண்கள் ஏழெட்டுப் பேர், கையில் மரம் அறுக்கும் மிஷின். "இந்தப் பொண்ணு இவ்ளோ ஒல்லியா இருக்கே தம்பி, இதை எப்படிப் பிடிக்குது?" என்று கேட்டபடி டீயை ஆற்றத் தொடங்கினார்.

இந்த மிஷினுக்குச் சங்கிலி ரம்பம் என்று பெயர். ஜெர்மனியின் பொறியாளர் ஆந்திரியாஸ் ஸ்டீல் 1926-ல் செய்த மின்சாரச் சங்கிலி ரம்பம் 64 கிலோ. தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். இன்றைக்குச் சொந்தத் தோப்புக்கு வாங்குகிற மிஷின் ஐந்து கிலோ சொச்சம். நிறைகுடத்தை இடுப்பில் வைத்து மாடி ஏறிய அக்காவுக்கு அது ஒரு கனமே இல்லை.

பயப்பட வேண்டியது அதன் வேகத்துக்கு. முழு வேகத்தில் சங்கிலி வினாடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடும். அக்காவிடம் தோசைத் திருப்பியை வாங்கி, நிமிர்த்தாமல் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினேன். சங்கிலி ஓடுகிற தகடு இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியின் மேல் மூலை இருக்கிறதே, அது மரத்தில் பட்டால் மிஷின் அப்படியே எகிறி முகத்தை நோக்கி வரும். கண் சிமிட்ட நேரம் இருக்காது. அதனால்தான் முதல் பாடமே இடதுகைக் கட்டைவிரல்: முன்கைப்பிடிக்கு அடியில் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும், மேலே வைக்கக் கூடாது. எகிறும்போது மணிக்கட்டு முன்தடுப்பில் மோதும், பிரேக் விழும், சங்கிலி நிற்கும்.

காலுக்குப் போடும் காப்புறைக்குள் நீளநீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி துணியைக் கிழித்ததும் அந்த இழைகள் உருவிக்கொண்டு வந்து, சங்கிலியை ஓட்டும் பல்சக்கரத்தில் சுற்றி இறுகி மிஷினை நிறுத்திவிடும். ஆனால் உறை காலோடு பொருந்த வேண்டும். ஆண்கள் அளவில் தைத்ததைச் சின்ன உடம்புக்காரர் மாட்டினால் அது காலைச் சுற்றித் திரும்பிவிடும், காக்க வேண்டிய இடம் வெறும் காலாக நிற்கும். கையுறையும் அப்படித்தான். பெண்ணுக்கு அளவான உறை கேட்பதை அலங்காரம் என்று நினைப்பவர்கள் மீது எனக்குக் கோபமே வரும்.

சரி, மரத்தை எப்படிச் சாய்ப்பது? ஸ்வீடனிலிருந்து வந்த சோரன் எரிக்சன் அமெரிக்காவில் பரப்பிய பயிற்சி முறை ஒன்று உண்டு. 'கேம் ஆஃப் லாகிங்' என்று பெயர். பெண்களுக்கு மட்டும் என்று தனி வகுப்பும் நடத்துகிறார்கள். அதில் மிஷினைத் தொடுவதற்கு முன் மரத்தைச் சுற்றி வந்து படிக்க வேண்டும்: எந்தப் பக்கம் சாய்கிறது, உச்சியில் காய்ந்த கிளை தொங்குகிறதா, நாம் விலகி ஓட வழி எது. அந்த வழி, மரம் விழும் திசைக்கு எதிரே, கோணலாகப் பின்பக்கம் போக வேண்டும். செடிகொடி தடுக்காமல் முன்பே வெட்டி வைக்க வேண்டும்.

பிறகு விழ வேண்டிய பக்கம் 70 பாகை அளவுக்கு வாய் திறந்தாற்போல் ஒரு வெட்டு. அதற்குப் பின்னால் கதவுக்குக் கீல் மாதிரி ஒரு பட்டை மரத்தை அறுக்காமல் விட வேண்டும். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரம் என்றால் கீலின் தடிமன் 4 சென்டிமீட்டர். கீலுக்குப் பின்னால் தகட்டைக் குத்தி நுழைத்து உள்ளே அறுத்துக்கொண்டே பின்னுக்கு வந்து, கடைசியில் ஒரு பட்டியை மட்டும் விட்டு நிறுத்துவார்கள். மரம் அசையாமல் நிற்கும். மூச்சு வாங்கலாம், சுற்றிப் பார்க்கலாம், யாராவது குறுக்கே வருகிறார்களா என்று குரல் கொடுக்கலாம். அந்த அவகாசம்தான் இந்த வித்தையின் உயிர். பலம் இருக்கிறவர், இல்லாதவர் எல்லோருக்கும் அது ஒன்றுதான்.

"அதுக்கு ஏன் பொம்பளைங்களுக்குத் தனி வகுப்பு?" என்றார் அக்கா.

கயிற்றை இரண்டு தடவை இழுத்து மிஷின் கிளம்பாவிட்டால், பக்கத்தில் நிற்கிற ஆண் "இங்க குடு" என்று வாங்கிக்கொள்வார். நல்ல மனதோடுதான். ஆனால் கொடுத்துவிட்ட கை கற்றுக்கொள்ளாது. தனி வகுப்பில் பிரேக்கைப் போட்டு, மிஷினைத் தரையில் வைத்து, பின்கைப்பிடியில் கால் ஊன்றி, அது உறுமும்வரை அந்தப் பெண்ணேதான் இழுத்தாக வேண்டும்.

பெண்கள் மரவேலையில் இறங்குவது புதிதும் இல்லை. 1938 செப்டம்பர் சூறாவளி, வெர்மான்ட் இருக்கும் நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் பைன் காடுகளைச் சாய்த்துப் போட்டது. கெடாமல் இருக்க அந்த மரங்களைக் குளங்களில் ஊற வைத்தார்கள். போருக்கு ஆண்கள் போய்விட, 1942-ல் அதே வட்டாரத்து நியூ ஹாம்ப்ஷயரின் டர்க்கி பாண்ட் குளக்கரையில் அரசின் மர அறுவை ஆலை ஒன்றைப் பெண்கள்தான் ஓட்டினார்கள். குளத்திலிருந்து கட்டையை இழுத்ததும் அவர்கள், பலகையாக அறுத்ததும் அவர்கள். இன்று அந்த வட்டாரத்துப் பெண்கள் பலருக்குச் சொந்தத் தோப்பு இருக்கிறது. நெருக்கி வளர்ந்த மரங்களில் சிலவற்றை எடுத்தால்தான் மிச்சமுள்ள மேப்பிள் மரங்களுக்கு வெயில் கிடைக்கும், பாகு காய்ச்சும் சாறும் கூடும்.

"அந்தக் கடைசிப் பட்டியை அறுத்ததும்?"

"பின்பக்க வழியில விலகணும்கா. கண்ணு உச்சியிலேயே இருக்கணும், கிளை முறிஞ்சு விழும்."

வீடியோவை மறுபடி ஓட விட்டோம். மரம் தரையைத் தொட்டபோது அந்த ஒல்லிப் பெண் அடிமரத்துப் பக்கத்திலேயே இல்லை.