திறப்பைத் திருப்பினால் சத்தமே இல்லையா?

நள்ளிரவில் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போக அவசரமாகக் காரில் ஏறித் திறப்பைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. ஒரு விளக்கும் எரியவில்லை, ஹோர்னும் ஊமை. வீட்டுக்காரரோ வெளிநாட்டில். இப்படி அந்தரிக்கும் குடும்பங்கள் எத்தனையோ! "பெட்டரி முடிந்து விட்டது" என்று பக்கத்து வீட்டார் தீர்ப்புச் சொல்ல, மறுநாள் பல்லாயிரம் ரூபா கொடுத்துப் புதுப் பெட்டரி வாங்கப்படுகிறது. கோளாறு இருந்ததோ ஒரு தளர்ந்த ஆணியில்!

ஆகவே வாசகர்களே, முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் மெல்ல மெல்லக் குறைந்ததா, சட்டென்று நின்றதா?

முடியப் போகும் பெட்டரி பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும். காலையில் எஞ்சின் சோம்பிச் சுழலும். விளக்குகள் மங்கும். திறப்பைத் திருப்பும்போது 'டிக் டிக்' என்று மட்டும் கேட்கும். மாறாக, நேற்று மாலை நன்றாக ஓடிய வண்டி இன்று முழுவதும் இருண்டு கிடந்தால், பெட்டரியைக் குற்றம் சொல்லுமுன் மின்சாரம் வரும் பாதையைப் பார்க்க வேண்டும். பெட்டரியின் உள் இணைப்பு அறுந்து திடீரென நிற்பதும் உண்டுதான். ஆனால் பாதையைப் பார்க்கக் காசு செலவில்லை.

போனட்டைத் திறந்து பெட்டரியின் இரு முனைகளிலும் உள்ள கிளிப்புகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அந்தப் பூப்பு மின்சாரத்தைத் தடுக்கும். அறை விளக்கைப் போட்டுவிட்டு எஞ்சினை இயக்கிப் பார்ப்பது ஒரு நல்ல சோதனை. விளக்கு மங்கினால் பெட்டரியில் சார்ஜ் குறைவு. அடியோடு அணைந்து, கொஞ்சம் பொறுத்து மீண்டும் எரிந்தால் பெரும்பாலும் கிளிப்பில்தான் குறை.

கழற்றும்போது மறை முனையை (-) முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்ட வேண்டும். நேர் முனையில் (+) வைத்த ஸ்பெனர் வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி பறப்பதைத் தடுக்கவே இந்த ஒழுங்கு. சுடுநீரில் அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் பூப்பு நுரைத்துக் கழன்றுவிடும். கரைசல் பெட்டரிக்குள் போகாமல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். அந்தப் பொடியில் அமிலம் இருக்கலாம். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

மறை முனையிலிருந்து உடலுக்கும் எஞ்சினுக்கும் செல்லும் தடித்த எர்த் வயரையும் பாருங்கள். துருப்பிடித்த ஆணி ஒன்று முழு வண்டியையும் இருட்டாக்கும்.

அடுத்தது மெயின் பியூஸ். பல ஜப்பானிய வண்டிகளில் இது போனட்டுக்குள் இருக்கும் கறுப்புப் பெட்டியில் ஆணியால் பூட்டப்பட்டிருக்கும். இன்னொரு வண்டியிலிருந்து மின் எடுக்கும்போது வயரை மாற்றிக் கொடுத்தால் இது எரிந்துபோகும். செப்புக் கம்பியைச் சுற்றிச் சமாளிக்கும் கெட்டித்தனம் இங்கே வேண்டாம், வண்டியே தீப்பற்றலாம். புதியதும் எரிந்தால் மின்வேலை தெரிந்தவரிடம் காட்டுவதே வழி.

கையில் மீற்றர் இருந்தால் ஊகம் தேவையில்லை. சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பெட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே என்றால் வெறுமையை நெருங்கிவிட்டது. எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14 காட்ட வேண்டும். காட்டாவிட்டால், புதுப் பெட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும். குறை ஆல்டர்னேட்டர் பக்கம்.

சரியாக மூடாத டிக்கியில் எரியும் 5 வாட் மின்குமிழைக் கவனியுங்கள். 40 அம்பியர்-மணிப் பெட்டரியை அது நான்கு நாளில் வெறுமையாக்கும். இரண்டு மூன்று நாளிலேயே எஞ்சின் இயங்க மறுக்கலாம். வீட்டுக்காரர் திரும்பும் வரை வாரக்கணக்கில் நிற்கும் வண்டியென்றால், மறை முனையைக் கழற்றி வைப்பதே நல்லது.

இன்னொரு வண்டியிலிருந்து மின் எடுப்பதென்றால், சிவப்பு வயரை முதலில் இறங்கிய பெட்டரியின் நேர் முனைக்கும் பிறகு நல்ல பெட்டரியின் நேர் முனைக்கும் கொடுங்கள். கறுப்பு வயரின் ஒரு தலை நல்ல பெட்டரியின் மறை முனைக்கு. மற்றத் தலையைப் பெட்டரிக்குத் தொலைவில், நின்றுபோன வண்டியின் எஞ்சின் இரும்பில் கொடுக்க வேண்டும். பெட்டரியிலிருந்து ஐதரசன் வாயு வெளியேறுவதால் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. சிகரட்டுக்கும் அங்கே இடமில்லை. பழைய மொரிஸ் மைனர் வைத்திருப்போர் கவனிக்க: அவற்றில் பலவற்றில் நேர் முனையே உடலோடு இணைந்திருக்கும்!

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே என்பார்கள். ஓட்டோ கியர் வண்டியில் அது நடக்காது. சாதாரண கியர் வண்டியிலும், பெட்டரி அடியோடு வெறுமையானால் ஆல்டர்னேட்டர் விழித்தெழவே சிறிது மின்சாரம் வேண்டும், வியர்வைதான் மிச்சமாகும்.

ஹைபிரிட் கார்காரர்கள் "எங்களிடம்தான் பெரிய பெட்டரி இருக்கிறதே" என்று எண்ணிவிடுகின்றனர். கணினிகளை எழுப்புவது தனியான சிறு 12 வோல்ட் பெட்டரிதான். அது இறங்கினால் ப்ரியஸ் அசையாது. ரிமோட்டும் வேலை செய்யாது. அதற்குள் இருக்கும் இரும்புத் திறப்பால் சாரதியின் கதவைத் திறக்க வேண்டும். பல ப்ரியஸ்களில் சிறு பெட்டரி பின்பக்கத்தில் இருக்க, மின்சாரம் இல்லாமல் பின் கதவோ வெளியிலிருந்து திறக்காது! இதற்காகவே போனட்டுக்குள் பியூஸ் பெட்டியில் ஒரு நேர் முனை வைத்திருக்கிறார்கள். அங்கே மின் கொடுக்கலாம். செம்மஞ்சள் நிற வயர்களை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.