ஆறு தந்திகள், நூறு நாட்கள்

கிதார் வாங்குவது எளிது. மூன்றாவது மாதத்தைத் தாண்டுவதுதான் கடினம். பிறவித் திறமையைவிட, எதை எப்போது பழகுவது என்ற வரிசைதான் ஒருவர் தாண்டுவாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

மேகாலயத் தலைநகர் ஷில்லாங்கில் ஒவ்வோர் ஆண்டும் மே 24 அன்று அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பிறந்த நாளுக்காக ஒரு கச்சேரி நடக்கும். லூ மஜாவ் என்ற உள்ளூர்க் கலைஞர் 1972ல் ஆரம்பித்து வைத்த வழக்கம் இது. மிசோரத்திலும் நாகாலாந்திலும் தேவாலய இளைஞர் குழுக்களில் கிதார் சர்வசாதாரணம். கொல்கத்தாவில் ரவீந்திர சங்கீதத்தையே கிதாரில் வாசிக்கும் மரபு உண்டு. ஜெய்ப்பூரின் விஷ்வ மோகன் பட், கிதாரை மாற்றியமைத்து உருவாக்கிய மோகன வீணையுடன் 1994ல் கிராமி விருதையே வாங்கிவிட்டார்.

இது ஒரு பக்கம். மறுபக்கம், டெல்லியானாலும் புனேயானாலும் கோவையானாலும் நடுத்தர வர்க்க வீடுகளில் அலமாரியின் மேல் உறை போட்டுத் தூங்கும் கிதார்கள். பிறந்த நாளுக்கு வாங்கியது, விரல் வலித்தது, பரீட்சை வந்தது, அதோடு சரி. 'நமக்கு சங்கீத ஞானம் இல்லை' என்று அந்தப் பையனோ பெண்ணோ முடிவு கட்டிவிடுவதுதான் இதில் உண்மையான நஷ்டம். பெரும்பாலும் ஞானத்தின் மீது குற்றம் இல்லை. வாத்தியத்தின் மீதும், படிகளைத் தாவியதன் மீதும்தான்.

கடையில் தொடங்கும் சிக்கல்

கடைக்காரர் முதலில் கேட்பது 'ஸ்பானிஷா, ஹவாயனா?' என்றுதான். ஹவாயன் கிதாரை மடியில் கிடத்தி, தந்திகளின் மேல் உலோகக் கட்டையை நகர்த்தி வாசிக்க வேண்டும். சினிமாவிலும் கல்லூரி மேடைகளிலும் காண்பது ஸ்பானிஷ் கிதார். அதிலும் இரண்டு வகை. நைலான் தந்திகள் கொண்ட கிளாசிகல் கிதார் விரலுக்கு மென்மையானது. ஆனால் கழுத்துப் பலகை அகலம். எஃகுத் தந்திகள் கொண்ட அகௌஸ்டிக் கிதாரில் கழுத்து ஒடுக்கம், சத்தம் அதிகம், வலியும் அதிகம். நைலான் கிதாரில் எஃகுத் தந்தி மாட்டுவது மட்டும் கூடவே கூடாது. எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையுடன் இழுக்கும். அதற்காகக் கட்டப்படாத கிதாரில், தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

எந்த வகையானாலும் பார்க்க வேண்டியது தந்தியின் உயரம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில், அதாவது உலோகக் கட்டில், எஃகுத் தந்தி இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் நல்லது. நான்கைத் தாண்டினால் தேர்ந்த கலைஞரே திணறுவார். மலிவுக் கிதார்கள் பலவற்றில் இந்த உயரம் சரி செய்யப்படாமலே விற்பனைக்கு வருகிறது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் சிறு செலவில் இறக்கித் தருவார். விரல் வலிக்கிறது என்று வகுப்பை நிறுத்தும் முன் பெற்றோர் செய்ய வேண்டிய முதல் காரியம் இதுதான். சிறு குழந்தைகளுக்கு அரை, முக்கால் அளவுக் கிதார்கள் கிடைக்கின்றன.

முதல் மாதம்: சுருதியும் விரலும்

ஆறு தந்திகளின் சுருதி, தடித்ததிலிருந்து மெல்லியது வரை, ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஹார்மோனியக் கணக்கில் சொன்னால் 3, 6, 2, 5, 7, 3 கட்டை. செல்போன் செயலிகள் இன்று நொடியில் சுருதி பார்த்துச் சொல்லிவிடும். ஆனாலும் காதுக்குப் பழக்கம் வேண்டும். ஆறாவது தந்தியை ஐந்தாவது ஃபிரெட்டில் அழுத்தினால், திறந்த ஐந்தாவது தந்தியின் ஒலி வரும். இப்படியே கீழிறங்கலாம். மூன்றாவது தந்தியில் மட்டும் நான்காவது ஃபிரெட். சுருதி சேராத கிதாரில் எத்தனை மணி நேரம் பழகினாலும் காது கெடுவதுதான் மிச்சம்.

விரலை ஃபிரெட்டின் மேல் வைக்கக் கூடாது. அதை ஒட்டிப் பின்னால் வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் இரண்டு மடங்கு அழுத்த வேண்டியிருக்கும், 'ஙொய்ங்' என்ற இரைச்சலும் வரும். கட்டைவிரல் கழுத்தின் பின்புறம் தாங்கலாக நிற்கட்டும். ஒவ்வொரு தந்தியிலும் நான்கு விரல்களால் நான்கு ஃபிரெட்டுகளை வரிசையாக வாசிப்பது இந்த மாதத்தின் சரளி வரிசை. விரல் நுனி காய்த்துப் போக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்காகத்தான் தினமும் பதினைந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வாசித்தால் கொப்புளம்தான் வரும்.

இரண்டாவது மாதம்: கூட்டும் மாற்றமும்

பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டுக்குக் கார்டு என்று பெயர். எளியது ஈ மைனர்: ஐந்தாவது, நான்காவது தந்திகளை இரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தினால் போதும். அதோடு மூன்றாவது தந்தியின் முதல் ஃபிரெட்டையும் சேர்த்தால் ஈ மேஜர். அந்த மூன்று விரல்களையும் அப்படியே ஒரு தந்தி கீழே நகர்த்தினால் ஏ மைனர். அதிலிருந்து மோதிர விரலை மட்டும் ஐந்தாவது தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டுக்கு மாற்றினால் சி மேஜர். ஒரு கார்டு அடுத்ததற்கு வழிவிடும் இந்த வரிசையில் பழகுபவருக்குப் பாதி பாரம் குறைகிறது. அகர வரிசையில் இருபது படங்களை மனப்பாடம் செய்பவர்தான் தடுமாறுகிறார்.

கார்டைப் பிடிப்பது பெரிதல்ல; தாளம் தவறாமல் மாற்றுவதே வித்தை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் ஈ மைனருக்கும் ஏ மைனருக்கும் எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணிக் குறித்து வைக்கலாம். முதல் நாள் பத்து, மறுவாரம் இருபது என்று எண்ணிக்கை ஏறுவதைக் காண்பதே உற்சாகம் தரும்.

வலது கைக்கு நம்மூர்ச் சொற்கட்டே போதும். 'த-க-தி-மி' என்று சொல்லிக்கொண்டு த, திக்குக் கீழாகவும், க, மிக்கு மேலாகவும் மணிக்கட்டை அசைக்க வேண்டும். இடது கை தாமதித்தாலும் வலது கை நிற்கக் கூடாது. கார்டு பிசகினால் கேட்பவர்கள் மன்னிப்பார்கள்; தாளம் நின்றால் பாட்டே நின்றுவிடும்.

மூன்றாவது மாதம்: எஃப் என்னும் மதில்

ஜி, சி, டி, ஈ மைனர் ஆகிய நான்கும் வசப்பட்டால் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று ஏராளமான பாட்டுகள் கைக்கு வந்துவிடும். ஒரு பாட்டையாவது முதலிலிருந்து முடிவு வரை நிற்காமல் வாசித்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். பத்துப் பாட்டுகளின் தொடக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டுவது நண்பர்களை அசத்தும், கலையை வளர்க்காது.

பிறகு வருகிறது எஃப். ஆட்காட்டி விரலால் ஆறு தந்திகளையும் ஒருசேர அழுத்திக்கொண்டு, மற்ற விரல்களால் ஈ மேஜர் வடிவத்தைப் பிடிக்க வேண்டும். பலர் கிதாரை உறைக்குள் வைப்பது இங்கேதான். வழி இருக்கிறது. முதலில் மெல்லிய நான்கு தந்திகளில் மட்டும் சிறிய எஃப் பிடித்துப் பழகலாம். முழு வடிவத்தை, தந்தி இளகலாக இருக்கும் ஐந்தாவது ஃபிரெட்டில் தொடங்கி, வாரம் ஒரு ஃபிரெட்டாகக் கீழே கொண்டு வரலாம். பலன் பெரியது. அதே வடிவம் மூன்றாவது ஃபிரெட்டில் ஜி, ஐந்தில் ஏ. ஒரு பிடியில் பன்னிரண்டு சுருதிக்கும் மேஜர் கார்டு கிடைத்துவிடுகிறது.

இந்த மதிலைத் தாண்டியவர் முன்னால் பல பாதைகள் பிரிகின்றன. முறையாகத் தேர்வு எழுத விரும்புவோருக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரியின் எட்டு கிரேடுகள் இருக்கின்றன. கர்நாடக இசை தெரிந்தவர், தந்தியை இழுத்துக் கமகம் கொண்டுவரும் வித்தையை நாடலாம். சுகுமார் பிரசாத், பிரசன்னா போன்றவர்கள் அதைச் சாதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒன்றும் வேண்டாம், வீட்டுத் திண்ணையில் நாலு பேர் பாட, கூடவே வாசித்தால் போதும் என்பவருக்கு எஃப் வரை வந்ததே தாராளம்.

அலமாரியின் மேல் இருக்கும் கிதாரை இறக்கித் தூசி தட்டிப் புதுத் தந்தி மாட்ட சில நூறு ரூபாய்தான் ஆகும். மீதி, தினம் பதினைந்து நிமிடம்.